டோப்பல்பாக்: கறுத்த லாகரை ருசிக்கப் பழகுவது எப்படி?

லாகர் என்றாலே வெளிர் மஞ்சள், ஜில்லென்ற குளிர்ச்சி, மடமடவென்று இறங்க வேண்டும் என்று பழகியவர்கள் டோப்பல்பாக் என்ற கறுத்த, கனத்த ஜெர்மன் லாகரை முதல் தடவை வாயில் வைத்ததும் கேட்பது ஒன்றுதான்: "என்னங்க, இனிக்குது?" மியூனிக்குக்கு வந்து தங்கிப் போகும் நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி அலுத்துவிட்டதால் இந்தப் பதிவு.

பீர் எப்படிக் காய்ச்சுகிறார்கள், லாகருக்கும் ஏலுக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம்.

படி 1: எதை வாங்குவது

ஜெர்மனியில் வாங்குவதென்றால் லேபிளில் 'ஷ்டாம்வுர்ட்ஸெ' என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். நொதிக்க வைப்பதற்கு முன் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றில் கரைந்திருந்த சர்க்கரையும் மற்றவையும் எத்தனை சதவீதம் என்பதே அது. ஹெல்லஸ் என்ற சாதாரண வெளிர் லாகரில் 11 அல்லது 12 இருக்கும். பாக் (கனத்த லாகர்) என்று பெயர் வைக்க 16, டோப்பல்பாக் என்றால் குறைந்தது 18. ஆல்கஹால் சதவீதத்தைவிட இந்த எண்தான் உள்ளே எவ்வளவு மால்ட் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லும்.

தொடங்குபவர்களுக்கு நான் கைகாட்டுவது அயிங்கர் செலிப்ராட்டோர் (6.7%). மியூனிக்குக்குத் தென்கிழக்கே உள்ள அயிங் கிராமத்துச் சரக்கு. பாட்டில் கழுத்தில் சின்னதாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஆடு தொங்கும், அடையாளம் தப்பாது. முதலில் இனித்தாலும் முடிவில் லேசான வறுத்த கசப்போடு வறண்டு நிற்கும் என்பதால் திகட்டாது. அடுத்து ஃப்ரைசிங் ஊரின் வைஹென்ஷ்டெஃபானர் கோர்பினியான் (7.4%). ஆண்டெக்ஸ் மடாலயத்து டோப்பல்பாக் (7.1%) கிடைத்தால் விடாதீர்கள்.

எல்லோரும் முதலில் வாங்குவது பவுலானர் சால்வாட்டோர் (7.9%). இந்த வகைக்கே அதுதான் மூத்தது, மறுக்கவில்லை. ஆனால் முதல் பாட்டிலாக அதை நான் தரமாட்டேன். இனிப்பும் ஆல்கஹாலும் ஒன்றாகத் தூக்கலாக இருப்பதால், புதியவர்கள் 'இனிப்பு பீர்' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுகிறார்கள். மூன்றாவதாகக் குடித்தால் அதன் அருமை தெரியும்.

பெயர் 'ஆட்டோர்' என்று முடிந்தால் பெரும்பாலும் டோப்பல்பாக்தான். 1896-இல் சால்வாட்டோர் வணிகப் பெயராகப் பதிவானதும், அதுவரை அதே பெயரில் விற்றுக்கொண்டிருந்த மற்றவர்கள் மாக்ஸிமாட்டோர், ட்ரியம்ஃபாட்டோர், ஆனிமாட்டோர் என்று வால் மட்டும் வைத்துக்கொண்டு புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

கதை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சால்வாட்டோரைத் தொடங்கியவர்கள் மியூனிக்கின் ஔ பகுதியில் இருந்த பவுலானர் துறவிகள். இறைச்சி, முட்டை, பால் எதையும் வருடம் முழுக்கத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்த சபை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அவர்களுக்குத் தெம்பு கொடுத்தது இந்தக் கெட்டியான பீர். 1634-இல் ஊரில் பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லாம் சேர்ந்து, துறவிகள் போட்டிக்கு வருகிறார்கள் என்று நகர மன்றத்தில் புகார் கொடுத்த பதிவு இருக்கிறது. இன்றும் தவக்காலம்தான் மியூனிக்கில் ஷ்டார்க்பியர் (கனத்த பீர்) சீசன். நொக்கர்பெர்க் மண்டபத்தில் அரசியல்வாதிகளை முன்வரிசையில் உட்காரவைத்து மேடையிலிருந்து வாரு வாரென்று வாருவார்கள், அவர்களும் சிரித்தே ஆக வேண்டும்.

படி 2: கிளாஸ்

ஒரு லிட்டர் மாஸ் குவளை வேண்டவே வேண்டாம். வாய் குறுகிய, காம்பு வைத்த கிளாஸ் போதும். அது இல்லையென்றால் வீட்டில் இருக்கும் வெள்ளை ஒயின் கிளாஸ். 'டேஸ்டிங் செட்' என்று காசு பிடுங்கும் பெட்டிகளைவிட அது எனக்குப் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது, அதனால் நன்றாகக் கழுவிப் பச்சைத்தண்ணீரில் அலசிவிடுங்கள். கிளாஸை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 3: சூடு (இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்)

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பீர் 4, 5 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் வாசனைப் பொருட்கள் மேலே எழும்பாது. கார்பன் டை ஆக்சைடின் கடியும் ஆல்கஹாலின் கனமும்தான் முன்னால் நிற்கும். ஹெல்லஸுக்கு அது பொருந்தும். டோப்பல்பாக்குக்கு நீங்கள் கொடுத்த காசில் பாதி அந்தக் குளிரில் போய்விடும். 15 டிகிரியைத் தாண்ட விட்டாலும் வம்பு. ஆல்கஹால் நெடி மூக்கைக் குத்தும், இனிப்பு பாகாகத் தேங்கும். என் கணக்கு 9 முதல் 12 டிகிரி வரை.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் மேசைமேல் வையுங்கள். 20, 22 டிகிரி இருக்கும் அறையில் அரை லிட்டர் பாட்டில் கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் சமையலறையில் இறைச்சிக்குக் குத்தும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஊற்றிய கிளாஸில் வைத்துப் பாருங்கள். போன் ஆப், லேபிளில் நிறம் மாறும் ஸ்டிக்கர் எதற்கும் அதற்குச் சமமான நம்பகம் கிடையாது.

இதில் ஒரு பயிற்சி உண்டு. பாட்டிலைக் குளிராகவே திறந்து, கால் கிளாஸ் மட்டும் ஊற்றி ஒரு வாய் குடியுங்கள். மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன வாய். முதல் வாயில் 'கனமான கறுப்பு பீர்' என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாயில் ரொட்டி மேல்தோலின் வாசம் வரும். அதற்கடுத்து உலர்திராட்சை, அத்தி, கேரமல் என்று ஒவ்வொன்றாகக் கதவு திறக்கும். ஒரே பாட்டிலில் இத்தனையும் நடப்பதைப் பார்த்த பிறகு யாரும் ஃப்ரிட்ஜ் குளிரில் குடிக்கக் கேட்டதில்லை. அவசரமாக இருந்தால் கிளாஸின் வயிற்றை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடியுங்கள்.

*இணைப்பு:* சிங்கப்பூரிலிருந்து ஒருவர், "அரைமணி நேரம் வைத்தேன், வெந்நீராகிவிட்டது" என்று எழுதியிருந்தார். நியாயம்தான், நான் எழுதியது ஐரோப்பிய அறைக்கு. 30 டிகிரி வெயிலும் ஈரக்காற்றும் உள்ள ஊரில் பாட்டில் மேல் வியர்க்க வியர்க்கச் சூடு வேகமாக ஏறும். அங்கே கால்மணி நேரமே போதும். சென்னைக்காரர்களுக்கும் இதே கணக்கு. மாறாக, இங்கே ஜனவரியில் பால்கனியில் வைத்திருப்பவர்கள் முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டியிருக்கும்.

படி 4: மால்ட்டையும் இனிப்பையும் பிரித்தறிவது

கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கறுப்பாகத் தெரிந்தது ஓரத்தில் மாதுளைச் சிவப்பாக மாறும். பார்த்தாயிற்றா, அது போதும். நிறத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

இப்போது மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு ஒரு வாய் எடுங்கள். வாயிலேயே இரண்டு மூன்று நொடி வைத்திருங்கள். தெரிவது இனிப்பு, கொஞ்சம் கசப்பு, நாக்கில் ஒரு கனம், அவ்வளவுதான். விழுங்கிவிட்டு மூக்கை விட்டு மூச்சை வெளியே விடுங்கள். அந்த நொடியில் தொண்டைக்குப் பின்னாலிருந்து மேலே ஏறும் வாசனைதான் மால்ட். மூக்கடைப்பில் தெரிந்தது சர்க்கரையின் இனிப்பு. இரண்டும் வேறு வேறு என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால், பிறகு மூக்கைப் பிடிக்க வேண்டியதே இல்லை.

ஊரில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுக்கும்போது வீடு முழுக்க ஒரு வாசம் பரவுமே, அதற்கு வெகு பக்கத்தில் இருக்கும் இது. வேலையும் கிட்டத்தட்ட அதேதான், தானியம் மட்டும் பார்லி. பில்ஸ்னர் மால்ட்டை 80, 85 டிகிரியில் உலர்த்துகிறார்கள். டோப்பல்பாக்கின் அடித்தளமான மியூனிக் மால்ட்டை 100 டிகிரியை ஒட்டி உலர்த்துவார்கள். அந்தச் சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறும். ரொட்டியின் மேல்தோலில் நடப்பதும் இதே வினைதான். பழைய முறையில் காய்ச்சுகிறவர்கள் மால்ட் கூழில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுவார்கள், அது இதை இன்னும் ஒரு படி ஏற்றும்.

நம்பிக்கை வரவில்லையென்றால், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குப் பொருள் விற்கும் கடையில் இரண்டு மால்ட்டிலும் கொஞ்சம் வாங்கி வாயில் போட்டு மென்று பாருங்கள். நான் இன்றும் புதியவர்களுக்கு முதலில் கொடுப்பது இதைத்தான். பில்ஸ்னர் மால்ட் பச்சை மாவு வாசத்தோடு மெல்ல இனிக்கும். மியூனிக் மால்ட்டைக் கடித்ததும் வறுவல் வாசம் மேலே அடிக்கும், இனிப்பு அதற்குப் பிறகுதான் வரும். உமி பல்லில் ஒட்டும், துப்பிவிடலாம். மென்ற வாயோடு அந்த பீரைக் குடித்தால், 'மால்ட்டி' என்று எல்லோரும் சொல்வது எதை என்று வேறு விளக்கமே தேவைப்படாது.

கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் வாசத்தைத் தேடாதீர்கள். ஹாலர்டவ் பகுதி ஹாப்ஸ் உள்ளே இருக்கும், இனிப்பு திகட்டாமல் தாங்கிப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஈஸ்ட் உண்டாக்கும் பழ வாசமும் (எஸ்டர்) தூக்கலாக இருக்காது. 10 டிகிரி அளவில் மெதுவாக நொதித்து, பிறகு உறைநிலையை ஒட்டி வாரக்கணக்கில் கிடந்து தெளியும் லாகர் ஈஸ்ட் அப்படித்தான். வாழைப்பழமும் கிராம்பும் மணத்தால் நீங்கள் வாங்கியது ஷ்னைடர் அவென்டீனுஸ் மாதிரி ஒரு கோதுமை பீர். அருமையான பீர், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது லாகர் இல்லை.

படி 5: தொட்டுக்க என்ன

காரம் வேண்டாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் ஏற்றிவிடும், மால்ட் இருந்த இடம் தெரியாமல் போகும். காரச்சேவு, மிக்சர் தட்டை அன்றைக்கு ஓரமாக வையுங்கள். நன்றாக முற்றிய மலைப்பகுதிச் சீஸ் (பெர்க்கேஸ), தோல் மொறுமொறுப்பாக வறுத்த பன்றிக்கறி, வாத்து ரோஸ்ட், இவைதான் சரியான கூட்டு. சைவம் என்றால் வெண்ணெயில் நிதானமாக வதக்கிப் பழுப்பாக்கிய வெங்காயத்தைக் கம்பு ரொட்டியில் போட்டுச் சாப்பிடுங்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 7.5% பீர் அரை லிட்டரில் ஏறக்குறைய 30 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5% ஹெல்லஸில் 20. இனிப்பு அதை மறைத்துவிடும் என்பதால் குடிக்கும்போது தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். நான் ஒரு பாட்டிலை இருவருக்குப் பங்கிடுவேன். அதன்பிறகு வண்டிச் சாவி யார் கையிலும் இருக்கக் கூடாது.

பின்னூட்டங்களில் வந்தவை

"என் பாட்டிலில் சோயா சாஸ் வாசம் வருகிறது, அதுதான் மால்ட்டா?" என்று ஒருவர். இல்லை. கப்பலில் வந்து, கடை அலமாரியில் சூட்டில் கிடந்து, பழசாகி ஆக்சிஜன் ஏறிய பீர் அது. ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்தாலும் இதே கதைதான். அடுத்த தடவை வாங்குமுன் தேதியைப் பாருங்கள், கடையில் குளிர்பெட்டிக்குள் இருப்பதையே கேளுங்கள். ஷெர்ரி ஒயின் சாயல் லேசாக வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், வயதான டோப்பல்பாக்கில் அது அழகாகவே இருக்கும்.

இன்னொருவர், பாட்டிலை ஃப்ரீசரில் விட்டால் ஐஸ்பாக் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறார். ஐஸ்பாக்குக்கு பீரைத் தொட்டியில் உறையவைத்து, பனிக்கட்டியாகப் பிரிந்த தண்ணீரை நீக்குகிறார்கள். அவென்டீனுஸின் ஐஸ்பாக் 12% வரை ஏறுவது அப்படித்தான். மூடிய பாட்டிலில் தண்ணீர் வெளியே போக வழியில்லை, உறைந்து விரிந்தால் கண்ணாடிதான் வெடிக்கும். ஏற்கெனவே உள்ளே வைத்துவிட்டிருந்தால், கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு எடுங்கள்.