பாலாற்றங்கரை ஊர்களில் உரையாடல் கூட்டம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பகுதிகளில் சாதி, தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் நேர்ந்த பாலாற்று மாசு, பீடி சுற்றும் பெண்களின் கூலி போன்ற சிக்கலான பொருள்களைப் பற்றிப் பேச்சாளரை அழைத்து ஊர்மக்களோடு உரையாட வைக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முயற்சி மிகவும் தேவையானது. ஆனாலும் இத்தகைய கூட்டங்களில் பல, பேச்சாளர் பேசி அமர்ந்ததோடு முடிந்துவிடுகின்றன. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் மேடை போடுவதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன.

அவற்றுள் பெரிய தவறு, கூட்டத்தைப் பட்டிமன்றமாக அமைப்பது. ‘பாலாற்றங்கரைக்குத் தேவை தொழிலா, தூய நீரா’ என்று இரண்டு அணி பிரித்தால் அரங்கு நிறையும். ஆனால் தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் வீட்டுக் கிணறே உப்பாகியிருக்கலாம். நிலம் கெட்டுப்போன விவசாயியின் மகளே ஷூ கம்பெனிக் கூலியில் குடும்பத்தை நடத்தலாம். இவர்களுக்கு எந்த அணியிலும் இடமில்லை. நடுவர் தீர்ப்புச் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. பட்டிமன்றம் நல்ல கலை வடிவம்தான். ஆனால் இன்னும் விடை காணாத கேள்விக்கு அது பொருந்தாது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை யார் ஏற்பது, சிறிய தோல் பதனிடும் கூடங்கள் அதைத் தாங்குமா என்பது போன்ற குறுகிய கேள்வியே எல்லாரையும் பேச வைக்கும்.

அடிப்படைச் செய்திகளை முன்கூட்டியே தராமல் விடுவதும் தவறு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் பிறந்தது. பாதிக்கப்பட்டோருக்கு நிலுவையில் உள்ள இழப்பீட்டை வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறு 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. இவற்றை ஒரே தாளில் அச்சிட்டு, ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் உருதுவிலும் சேர்த்துக் கொடுத்தால், வதந்திகளை மறுப்பதிலேயே பாதி நேரம் போகாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழை, கண்ணுக்குத் தெரியாமலேயே சிலரை வெளியே நிறுத்திவிடுகிறது. சுடுகாட்டுக்குச் செல்லும் வழி அடைபட்டிருந்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிய கொடுமை 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகே நடந்தது. இப்படிப்பட்ட வட்டாரத்தில், சாதியைப் பற்றிய கூட்டத்தை ஒரு சாதிச் சங்கத்தின் திருமண மண்டபத்தில் வைத்தால், காலனியிலிருந்து வருபவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்து ஒன்றும் சொல்லாமல் திரும்புவார்கள். அரசு நூலகமோ பள்ளி வளாகமோ மேல். தொழிற்சாலை வேலைநேரமும் கடைசிப் பேருந்தின் நேரமும் தெரியாமல் நேரம் குறித்தால் பெண்கள் வரமாட்டார்கள்.

பாதிக்கப்பட்டவரை மேடையேற்றி, அவருடைய துயரத்தை மட்டும் சொல்லச் சொல்வது என் பார்வையில் மிகக் கொடிய தவறு. கேட்பவர்கள் கண் கலங்கி வீடு திரும்புவார்கள். அவரோ மறுநாள் அதே ஊரில், அதே நிலக்காரரிடம் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். எதைச் சொல்வது, படம் எடுக்கலாமா, பெயரை வெளியிடலாமா என்பதையெல்லாம் அவரே முன்னதாக முடிவு செய்ய வேண்டும். தீர்வைப் பற்றி அவருக்கும் கருத்து உண்டு. அதைக் கேட்காத கூட்டம் அவரைக் காட்சிப்பொருளாக்குகிறது.

பொன்னாடைகளும் வரவேற்புரைகளும் கேள்வி நேரத்தைத் தின்றுவிடுவது பழகிப்போன குறை. கூட்ட நேரத்தில் பாதியைக் கேள்விகளுக்கென்று ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மற்றவற்றுக்குப் பகிர்வது எளிய வழி. யாராவது கோபமாகப் பேசினால் ‘அமைதி, அமைதி’ என்று ஒலிவாங்கியை வாங்கிவிடுவதும் வேண்டாம். வசை மொழியை மட்டும் தடுத்துவிட்டு, அவர் சொன்னதை ஒருங்கிணைப்பாளர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, ‘இதைத்தானே சொல்கிறீர்கள்?’ என்று கேட்டால், எதிர்த்தரப்பும் காது கொடுக்கும்.

விடை கிடைக்காத கேள்விகளை நன்றியுரையோடு கைவிட்டுவிடக் கூடாது. அவற்றைக் குறித்துவைத்து, அடுத்த கூட்டத்தை அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும். ஊராட்சி தீர்க்கக்கூடியவற்றைக் கிராம சபைக்குக் கொண்டு செல்லலாம். குடிநீர் பற்றிய கேள்விகளுக்கு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இல் கூடும் சபை பொருத்தமானது. அதற்கான மனுவை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை, கலைவதற்கு முன்பே, கூட்டத்துக்கு வந்தவர்களில் இருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.