பழைய டார்ச் லைட்டை மாற்றியமைப்பதா, புதிதாக வாங்குவதா?

வெளிச்சம் மங்கிப்போன பழைய டார்ச் லைட்டைக் கையில் எடுத்ததும், எல்.இ.டி. பல்ப் போட்டுப் பார்க்கலாமா அல்லது புதிதாக ஒன்றை வாங்கிவிடலாமா என்ற கேள்விதான் பலருக்கும் முதலில் எழுகிறது. அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் டார்ச்சை முழுவதுமாகக் கழற்றி, மின்சாரம் ஓடும் இடங்களையெல்லாம் துடைத்து, புதிய செல்களைப் போட்டு, அது உண்மையில் எவ்வளவு வெளிச்சம் தரக்கூடியது என்பதைப் பார்த்துவிட வேண்டும். பல டார்ச்சுகள் இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடுகின்றன.

காரணம் எளிமையானது. இரண்டு பெரிய செல் போடும் டார்ச்சின் இழை பல்ப் ஏறத்தாழ 2.4 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கும். மூடியின் ஸ்பிரிங், திருகுமரை, சுவிட்சின் தகடு ஆகியவற்றில் படிந்த துருவும் அழுக்கும் சேர்ந்து அரை ஓம் தடையை உண்டாக்கினால், கால் வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. அது பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம்; ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட மிக வேகமாகக் குறையும் தன்மை கொண்டது என்பதால், வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும்.

ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அது காரம். கையுறை அணிந்துகொண்டு, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர வைக்க வேண்டும். சாதாரண கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை உடையது என்பதால் அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர் பொருந்தும். ஸ்பிரிங்கை உப்புத்தாளால் மிக மெல்லத் தேய்க்கலாம். மேல்பூச்சு போகும்வரை தேய்த்தால் அது விரைவில் துருப்பிடிக்கும். பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் துணியால் துடைக்கக் கூடாது. அதன் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் படலம். ஒரே ஒரு முறை அழுத்தித் துடைத்தாலும் நிரந்தரமாகக் கீறல் விழுந்துவிடும். தூசியை ஊதி அகற்றினால் போதும். செல் உள்ளேயே உப்பி, குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த டார்ச்சோடு போராடுவதில் பயனில்லை.

சுத்தம் செய்த பிறகும் போதவில்லை என்றால், பழைய பல்ப் இருக்கும் இடத்தில் அப்படியே பொருந்தும் எல்.இ.டி. பல்பைப் பார்க்கலாம். வாங்கும்போது அது எத்தனை வோல்ட்டுக்கானது என்பதை முதலில் படிக்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி. ஒளிர ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. இரண்டு செல்கள் புதிதாக இருக்கும்போதே அவ்வளவுதான் தரும், பாதி தீர்ந்ததும் 2.4 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே இரண்டு செல் டார்ச்சுக்கு, வோல்ட்டேஜை உயர்த்தும் சுற்று உள்ளே இருக்கும் பல்பே உதவும். இழை பல்ப் எந்தத் திசையில் மின்சாரம் வந்தாலும் எரியும்; எல்.இ.டி. அப்படி எரியாது. போட்டவுடன் எரியவில்லை என்றால், பல்ப் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் செல்கள் எந்தப் பக்கம் பார்த்திருக்கின்றன என்று கவனிக்க வேண்டும்.

வெப்பம்தான் இந்த மாற்றத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. இழை பல்ப் தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிர்களாக முன்பக்கம் அனுப்பிவிடும். எல்.இ.டி.யின் வெப்பமோ அதன் அடிப்பகுதியில் தேங்குகிறது. அதைத் தாங்கி வெளியே கொண்டுபோக உலோக உடல் வேண்டும். பிளாஸ்டிக் டார்ச்சில் ஒரு வாட்டைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. ரிஃப்ளெக்டரும் எல்லாத் திசையிலும் ஒளிரும் சிறு இழைக்காக வடிவமைக்கப்பட்டது என்பதால், முன்பக்கம் மட்டும் ஒளிரும் எல்.இ.டி.யைப் போட்டால் ஒளிவட்டத்தின் நடுவில் இருண்ட புள்ளி விழக்கூடும். தலைப்பகுதியைத் திருகிக் குவியத்தை மாற்றும் வசதி இருந்தால் இதை ஓரளவு சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டு மாற்றங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இழை பல்ப் டார்ச்சில் லித்தியம் அயான் செல்லைத் திணிப்பது ஒன்று. முழுதாக ஏறிய அந்தச் செல் 4.2 வோல்ட் தரும் என்பதால் 2.4 வோல்ட் பல்ப் உடனே கருகிவிடும். மற்றொன்று, சுவரில் செருகி சார்ஜ் செய்யும் பழைய டார்ச்சின் ஈய-அமில பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் செல்லை வைப்பது. அந்த சார்ஜிங் சுற்று லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டில் நிறுத்தத் தெரியாதது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மலிவான மாடல்கள் சிலவற்றில் மின்மாற்றியே இல்லாமல் சுவர் மின்சாரம் அப்படியே உள்ளே வரை வருவதால், திறந்து வைத்துச் சோதிப்பதும் உயிருக்கு ஆபத்து.

தொலைவும் கடும் வெளிச்சமும் தேவை என்றால் புதியதுதான் வழி. பெட்டியில் ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற, டார்ச்சுகளின் திறனை அளக்கும் முறைக்கான தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதன்படி, ஒளி 0.25 லக்ஸ், அதாவது முழுநிலவின் வெளிச்சம் அளவுக்குக் குறையும் இடமே ஒளி எட்டும் தொலைவு. எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தின் பத்தில் ஒரு பங்காகும்வரை கணக்கிடப்படுவது; ஆறு மணி நேரம் என்று அச்சிட்டிருந்தால் ஆறு மணி நேரமும் முழு வெளிச்சம் என்று பொருள் அல்ல. புதிய டார்ச்சுகள் பலவற்றில் வரும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் அயான் செல்லில் 9,900 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு என்று எழுதியிருந்தால் அது பொய். அந்த அளவுச் செல்லில் நல்லவை ஏறத்தாழ 3,500 தான் தரும். செல்லைக் கழற்றி மாற்ற முடிகிற மாடலையே தேர்ந்தெடுங்கள். செல் தேய்ந்ததும் டார்ச்சையே தூக்கி எறிய வேண்டியிருக்காது.

மின்வெட்டு இரவுகளுக்கு மட்டும் நான் பழையதன் பக்கமே நிற்பேன். டி அளவுள்ள, அதாவது பெரிய, இரண்டு ஆல்கலைன் செல்களில், மெதுவாக எடுத்தால், ஒரு நல்ல 18650 செல்லைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றல் இருக்கிறது. பயன்படுத்தாமல் வைத்தாலும் அவை பல ஆண்டுகள் தாங்கும். அரை வாட் எல்.இ.டி. பல்ப் போட்டு, கூரையை நோக்கி நிறுத்திவைத்தால் அறை முழுதும் மென்மையான வெளிச்சம் பல இரவுகளுக்குக் கிடைக்கும். பயன்படுத்தாதபோது மட்டும், கசிந்து கெடுக்காதபடி, செல்களை டார்ச்சுக்குள் போட்டு வைக்காமல், அதன் அருகிலேயே தனியாக வைத்திருங்கள்.