கட்டிய மோட்டார் மறுபடி எரிய எத்தனை வருடம்?

மதுரை சிம்மக்கல்லில் என் அண்ணனுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. கிணற்று மோட்டார் எரிந்து வந்தால் கட்டிக்கொடுத்து ஒரு வருடம் கேரண்டி தருகிறார். அதற்குள் எத்தனை திரும்பி வரும் என்று கேட்டார். நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். பட்டறை நோட்டை வைத்து நாங்கள் போட்ட வழி இது.

கட்டிய தேதி, எரிந்த தேதி இரண்டையும் எழுதுங்கள். இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை விட்டுவிடாதீர்கள். எரிந்ததை மட்டும் எண்ணினால் ஆயுள் குறைவாகத்தான் தெரியும். எல்லா மோட்டாரும் ஓடிய மொத்தக் காலத்தை, எரிந்தவற்றின் எண்ணிக்கையால் வகுங்கள். சராசரி 4 வருடம் என்று வைத்துக்கொள்வோம்.

எந்த வயதில் நூற்றுக்கு எத்தனை எரியும் என்று சொல்வதுதான் பரவல். அந்தச் சராசரிக்குப் பொருந்தும் பரவல்கள் எண்ணற்றவை. எதை எடுப்பது? நிச்சயமின்மையை அளக்க 1948-இல் கணிதவியலாளர் ஷானன் என்ட்ரோபி என்ற அளவைத் தந்தார். தெரிந்ததோடு பொருந்துகிற பரவல்களில் என்ட்ரோபி மிக அதிகமானதை எடுக்கச் சொன்னார் இயற்பியலாளர் ஜேன்ஸ், 1957-இல். தெரியாத எதையும் தெரிந்ததுபோல் உள்ளே நுழைக்காத பரவல் அதுதான். அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும். சராசரி மட்டும் தெரிந்தால் கிடைப்பது அடுக்குக்குறிப் பரவல் (exponential). அதன்படி முதல் வருடத்திலேயே நூற்றுக்கு 22 எரியும்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நேத்துக் கட்டுனதும் நாலு வருசம் ஓடுனதும் ஒரே மாதிரியா எரியும்?" என்றார். சரியான கேள்வி. அடுக்குக்குறிப் பரவலில் வயது கணக்கிலேயே வராது. இன்சுலேஷன் சூட்டில் நாளாக நாளாகத் தளரும் என்பது அவருக்குத் தெரிந்த தகவல். அதையும் சேர்க்க வேண்டும்.

அதற்கு ஒவ்வொரு ஆயுளுக்கும் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்துச் சராசரி போடுங்கள். ஆயுள் சராசரியின் மடக்கையிலிருந்து அதைக் கழியுங்கள். விடை 0.577 பக்கம் வந்தால் பழைய பரவலே போதும். குறைந்தால் தேய்மானம். கூடினால் கட்டியதுமே எரிகிறவை நிறைய. அப்போது வேலைத்தரத்தைப் பாருங்கள். ஆயுளின் சராசரி, மடக்கையின் சராசரி இரண்டுக்கும் பொருந்துகிறவற்றில் என்ட்ரோபி மிக அதிகமானதை எடுத்தால் காமா பரவல் (gamma) வரும். விடை 0.2 என்றால் அதன் வடிவ எண் (1-ஐத் தாண்டினால் தேய்மானம் என்று காட்டும் எண்) சுமார் 2.6. அதே 4 வருடச் சராசரிதான், ஆனால் முதல் வருடத்தில் எரிவது நூற்றுக்கு 5 அளவுக்கு இறங்கிவிடும். ஓடிக்கொண்டிருப்பவை நிறைய இருந்தால் இந்தக் கழித்தல் சரிவராது. அவற்றைத் தனியாகக் குறித்து ஆர் (R) போன்ற புள்ளியியல் மென்பொருளில் போடுங்கள்.

அப்புறம், உசிலம்பட்டிப் பக்கம் தண்ணீர் வற்றிய போர்வெல்லில் ஓடும் மோட்டாரையும் வாடிப்பட்டிக் கால்வாய்ப் பாசனக் கிணற்று மோட்டாரையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். ஊர்வாரியாகத் தனித்தனிப் பக்கம் போடுங்கள்.