கரூர் வெயிலுக்கு ஒரு கோழிக்கூடு: எட்டுப் பெட்டை, ஒரு சேவல் கணக்கு

நான் கட்டிய முதல் கூடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கு பக்கமும் பிளைவுட், மேலே தகர ஷீட், ஒரு சின்ன ஜன்னல், பச்சைப் பெயின்ட். ஏதோ குளிர்தேசத்து வீடியோவைப் பார்த்துச் செய்தது. சித்திரையில் ஒரு மத்தியானம் முட்டையிட உள்ளே போன இரண்டு பெட்டைகள் திரும்பி வரவில்லை. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டும் வாயைப் பிளந்தபடி செத்துக் கிடந்தன. உள்ளே கையை விட்டால் அடுப்பங்கரை போல அனல். அம்மாயி எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி பொறக்கும்போதே கம்பளி போத்திட்டுத்தான் பொறக்குது. அதைப் பொட்டிக்குள்ள வேற வெச்சு மூடுனா என்னாகும் கண்ணு?" என்றார். அவர் காலத்தில் வேப்பமர நிழலில் ஒரு கொடாப்பை, அதாவது மூங்கில் கூடையை, கவிழ்த்தால் கூடு முடிந்தது. தெற்கே அதையே பஞ்சாரம் என்பார்கள்.

கோழியின் உடம்புச் சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து, இறக்கையை விலக்கித்தான் சூட்டைத் தள்ள வேண்டும். கத்திரியில் வெளிக்காற்றே 40 டிகிரிக்குப் போய்விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால் இந்தக் கூட்டை அறை மாதிரி நினைக்காமல் திண்ணை மாதிரி நினைத்துக் கட்டுங்கள். மேலே கனமான நிழல், பக்கமெல்லாம் காற்று, பிடிக்க வருகிற பிராணிகளுக்கு மட்டும் தடுப்பு.

இடமும் திசையும்

மேட்டு நிலமாகப் பாருங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது உங்களுக்கே தெரியும், அந்த இடம் வேண்டாம். கூடு 6 அடிக்கு 4 அடி, அதை ஒட்டி மேய்ச்சல் அடைப்பு 12 அடிக்கு 8 அடி. ஒன்பது கோழிக்கு இது தாராளம். நாளைக்கு இருபது ஆக்கலாம் என்ற ஆசை வரும். முதல் வருடம் அடக்கிக்கொள்ளுங்கள்.

நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும், நீளமான பக்கங்கள் காற்றுக்குத் திறந்திருக்கும். கூட்டை மேற்கு முனையில் வைத்து, அடைப்பை அதன் கிழக்கே நீட்டுங்கள். மூன்று மணி வெயிலில் கூட்டின் நிழலே அடைப்புக்குள் விழும். கூட்டுக்கு மேற்கே இரண்டு முருங்கைப் போத்து ஊன்றிவிட்டால் சீக்கிரமே நிழல் வரும், கீரையும் கிடைக்கும்.

தரையும் கால்களும்

தரையை ஒரு அடி உயர்த்துங்கள். சுற்றிலும் செங்கல் வைத்து, நடுவே மண் கொட்டித் திமிசு போட்டு இடித்து, அதன் மேல் அரை இஞ்ச் வெல்டு மெஷ் (அரை இஞ்ச் சதுரக் கண் வைத்த கெட்டிக் கம்பி வலை) விரித்து, மேலே இரண்டு இஞ்ச் சிமென்ட் கலவை. மெஷ் எதற்கு என்று கொத்தனார் கேட்பார். பெருச்சாளிக்கு என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

கால்களுக்குச் சவுக்குக் கம்பு போதும். தெற்குப் பக்கம் 9 அடிக் கம்பு இரண்டு, வடக்கே ஏழரை அடிக் கம்பு இரண்டு. எல்லாமே 2 அடி மண்ணுக்குள் போகும். கறையானுக்காக, புதையும் பகுதியில் மட்டும் கழிவு ஆயில் தடவுங்கள். மேலே தடவினால் கோழி கொத்தும்.

கூரையில்தான் காரியம்

மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் கூரையில் பிடிக்காதீர்கள். தெற்கே உயர்ந்து வடக்கே தாழ்ந்த ஒற்றைச் சாய்ப்பு. 10 அடி நீளத் தகர ஷீட் மூன்று போதும். கூடு 4 அடிதான் என்பதால் தெற்கிலும் வடக்கிலும் இரண்டரை அடி வெளியே நீளும். வடக்கே எதற்கு அவ்வளவு என்றால், கரூர் இருக்கும் இடத்தில் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சிச் சூரியன் தலைக்கு நேரே இருக்காது, கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். தெற்குப் பக்கக் கூரையை மட்டும் நீட்டிவிட்டு நிழல் வரவில்லையே என்று தவித்தவர்களில் நானும் ஒருவன். ஐப்பசிச் சாரலும் வடகிழக்கிலிருந்துதான் வரும்.

வெறும் தகரம் மட்டும் போட்டால் என் பழைய கதைதான். ஷீட்டின் மேல் மூங்கில் பிளாச்சைக் குறுக்கே கட்டி, அதற்கு மேல் தென்னங்கீற்று வேயுங்கள். ஷீட்டுக்கும் கீற்றுக்கும் இடையே இரண்டு மூன்று இஞ்ச் சந்து இருக்க வேண்டும். வெயிலைக் கீற்று வாங்கிக்கொள்ளும், இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். கீற்று சீக்கிரம் மக்கும், மாற்றத்தான் வேண்டும். கீற்றே கிடைக்காத ஊர் என்றால் ஷீட்டின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடியுங்கள், அதுவும் பரவாயில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஓசியில் கிடைத்தாலும் வேண்டாம், அதன் தூள் மூச்சுக்குக் கெடுதல்.

ஆடிக் காற்றை மறந்துவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு இந்த மாதிரி நீட்டிய கூரை என்றால் கொண்டாட்டம். ஷீட்டை ஜே போல்ட் (கொக்கி மாதிரி வளைந்த போல்ட்) போட்டு இறுக்குங்கள். கீற்றின் மேல் தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள்.

சுவர் என்று ஒன்று இல்லை

சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்குச் செங்கல். அதற்கு மேல் கூரை வரை அரை இஞ்ச் வெல்டு மெஷ். மேற்குப் பக்கம் மட்டும் மெஷ்ஷுக்கு வெளியே கீற்றுத் தட்டி. மழைக்காலத்துக்கு வடக்கே சுருட்டி ஏற்றும் படுதா ஒன்று. அவ்வளவுதான்.

கடையில் அறுகோணக் கண் வைத்த கோழி வலையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயை வெளியே வைத்திருக்காது. கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும், பாம்பு எப்போது வேண்டுமானாலும் வரும். கீரிக்கு இரண்டு விரல் சந்து கொடுத்தாலே உள்ளே நுழையப் பார்க்கும். மெஷ் சேரும் மூலைகளை நெருக்கமாகக் கட்டுக்கம்பி போட்டு முறுக்குங்கள். கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள்.

கதவு கிழக்கே, அடைப்பைப் பார்த்து. ஆள் குனிந்தாவது நுழைய ஐந்தடி வேண்டும். கோழிக்குத்தானே என்று மூன்றடிக் கதவு வைத்தால் கூட்டைப் பெருக்கும்போது இடுப்பு பேசும்.

உள்ளே

அடைவதற்கு 6 அடிச் சவுக்குக் கம்பு இரண்டு, இரண்டு இஞ்ச் கனம், தரையிலிருந்து 2 அடி உயரம், இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி. ஒரு கம்பிலேயே ஒன்பதும் நெருக்கி உட்கார்ந்துவிடும்தான், ஆனால் வெயில் காலத்தில் விலகி உட்கார இடம் வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒன்று உயர்ந்தால் அதற்குத் தினமும் சண்டை.

முட்டையிட வாயகன்ற பழைய மண்சட்டி இரண்டு, பாதி மணல், மேலே வைக்கோல். வெளிச்சம் குறைந்த மூலையில் வையுங்கள். தரையில் நெல் உமியோ கடலைத் தொட்டியோ (நிலக்கடலை ஓடு) பரப்பலாம். கோடையில் இரண்டு இஞ்ச்சுக்கு மேல் வேண்டாம், கனமாக இருந்தால் அதுவே சூடு பிடிக்கும். கடலைத் தொட்டி நனைந்தால் உடனே அள்ளிவிடுங்கள், பூஞ்சணம் பிடித்துவிடும்.

அடைப்பு

ஆறடி உயரத்துக்குக் கம்பு நட்டு, கீழ் 2 அடிக்கு வெல்டு மெஷ், அதற்கு மேல் சாதாரணக் கோழி வலை. பகலில் நாம் அக்கம்பக்கத்தில் இருப்போம் என்பதால் இங்கே மட்டும் அந்த வலைக்கு இடம் உண்டு. மெஷ்ஷின் அடியை வெளிப்பக்கமாக ஒரு அடி மடக்கி மண்ணுக்குள் புதையுங்கள். நாய் வலையோரமாகத்தான் தோண்டும், மெஷ் தட்டினால் விட்டுவிடும். மேலே நைலான் வலை கட்டாயம். பருந்து, வைரி மட்டுமில்லை, குஞ்சு பொரித்தால் காக்கையே தூக்கும். பாதி அடைப்புக்குப் பச்சை நிழல்வலையும் போடுங்கள்.

ஒரு மூலையில் ஆற்று மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டிவையுங்கள். கோழி அதில் புரண்டு பேனைத் தானே போக்கிக்கொள்ளும்.

கத்திரி நாட்களில்

தண்ணீரை மண் தொட்டியில், நிழலில் வையுங்கள். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் குடித்தால் வெயிலில் அதுபோல் இரண்டு பங்கு குடிக்கும். மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும், அதை அப்படியே ஊற்றாதீர்கள். தீவனம் காலை ஒன்பதுக்குள், அப்புறம் நான்குக்கு மேல். தின்றது செரிக்கும்போதும் உடம்பு சூடாகும். நடுவில் தர்ப்பூசணித் தோலும் கீரையும் போதும்.

பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கீற்றின் மேலும் சுற்றுத் தரையிலும் தண்ணீர் தெளியுங்கள், உள்ளே உமியில் வேண்டாம். சென்னை, கடலூர் பக்கம் காற்றிலேயே ஈரம் இருப்பதால் தெளிப்பதால் பெரிய பலன் இருக்காது, அங்கே ஒரு ஃபேன்தான் உதவும். ஒரு கோழி இறக்கையைத் தொங்கவிட்டுத் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய்க் காலை மட்டும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைக் கோடைக்கு முன்பே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குத் தடுப்பூசி தவிர வழியில்லை.

சரி, கோழி வந்துவிட்டது. முதல் நாலு நாள் கூட்டையும் அடைப்பையும் விட்டு வெளியே விடாதீர்கள். ஐந்தாம் நாள் திறந்துவிட்டுப் பாருங்கள். பொழுது சாயும்போது ஆறேழு தானாக உள்ளே போகும், ஒன்றிரண்டு முருங்கையில் ஏறி உட்காரும். விரட்டாதீர்கள். நன்றாக இருட்டட்டும். இருட்டில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது. இரண்டு கையாலும் இறக்கையை அணைத்துத் தூக்கிக் கம்பில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு தாழ்ப்பாளையும் போடுங்கள்.