பழைய வாகனத்துக்குப் புளூடூத் செட்: வெட்டாமல், கருக்காமல், நீங்களே பூட்டும் முறை

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். தொடங்கியும் என்ன, வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் நம்மில் பலருக்கு எட்டாக்கனிதான். அதனால்தான் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தொண்ணூறுகளில் வந்த டொல்பின், டவுன்ஏஸ், லைட்ஏஸ், சன்னி, கொரோலா எல்லாம் இன்னும் தெம்பாக ஓடுகின்றன. எஞ்சின் நன்றாக இருக்கும், சீற் கவரும் புதிதாக இருக்கும், டேஷ்போட்டில் மட்டும் கசட் போடும் பழைய ரேடியோ பேச்சுமூச்சின்றிக் கிடக்கும்.

அதை மாற்றுவது ஒரு பின்னேரத்து வேலை. முதல்முறை செய்பவர்களும் செய்யலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயரைச் சரியாக இனங்கண்டு இறுக்கமாகத் தொடுத்தால் விலை குறைந்த செட்டும் வருடக்கணக்கில் உழைக்கும். கண்மதிப்பில் முறுக்கினால் விலை கூடிய செட்டும் கருகிப்போகும். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி வயரைப் பற்றித்தான்.

வாங்குவதற்கு முன்

முதலில் அளவு. ரேடியோவின் முகம் ஏறக்குறைய 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் என்றால் அது சிங்கிள் டின். உயரம் 100 என்றால் டபுள் டின். ஜப்பானில் இருந்து நேராக வந்த டொயோட்டாக்கள் பலவற்றில் அகலம் 200 இருக்கும். அதற்கு 180 செட்டைப் பூட்டினால் இரு பக்கமும் இடைவெளி விழும், மறைக்கப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று வேண்டும். செட் வாங்கும் கடையிலேயே அதையும் கேட்டு வாங்குங்கள். பாட்டும் அழைப்பும் போதும் என்பவருக்கு நான் சிங்கிள் டின்தான் சொல்வேன். பெரிய திரைக்குக் கொடுக்கும் காசை ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் காது நன்றி சொல்லும்.

அடுத்தது வோல்ட். கார், வான் அநேகமாக 12 வோல்ட். எல்ஃப், கன்ரர் போன்ற லொறிகளிலும் ரோசா பஸ்ஸிலும் 24 வோல்ட் இருப்பது வழக்கம். 12 வோல்ட் செட்டை அதில் நேரே தொடுத்தால் அந்த நிமிடமே புகைதான். இரண்டு பற்றறிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்துக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு பற்றறி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் கெடும். 24 ஐ 12 ஆக்கும் கொன்வேட்டர் ஒன்றை, 10 அம்பியர் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் "60 வாட் × 4" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 12 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, செட்டின் உள்ளே சத்தத்தைப் பெருக்கும் ஐசி (சில்லு) ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 15 முதல் 20 வாட் வரைதான். இது எல்லாக் கம்பனிக்கும் பொது. கையில் தூக்கிப் பாருங்கள். பின்பக்கம் கனமான அலுமினியத் தகடு இருக்கிறதா, மஞ்சள் வயரில் பியூஸ் இருக்கிறதா, வயர் சொக்கட்டாகக் கழன்று வருகிறதா, அழைப்புக்கு மைக் உள்ளதா. இந்த நாலும் இருந்தால் பெயர் தெரியாத செட்டானாலும் நம்பலாம்.

ஜப்பான் ரேடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் அந்நாட்டு எஃப்எம் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் இருந்தது. நம்முடையது 87.5 முதல் 108 வரை. அதனால் அந்த ரேடியோக்களுக்கு "பான்ட் எக்ஸ்பான்டர்" என்ற சின்னப் பெட்டியை ஏரியல் வயரின் நடுவில் பூட்டியிருப்பார்கள். புதிய செட் வந்ததும் அது வேண்டாத பொருள். கழற்றாமல் விட்டால் நிலையங்கள் எல்லாம் இடம் மாறித் தெரியும், சில தெரியவே தெரியாது.

தேவையான சாமான்

ஸ்டார் ஸ்குரூட்ரைவர், 10 மில்லிமீற்றர் சாவி, சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர், வயர் உரிக்கும் குறடு, ஈயப்பற்று வைக்கும் அயன், சூடாக்கினால் சுருங்கி மூட்டை மூடும் ஹீட்ஸ்ரிங்க் குழாய், ஒரு பென்டோர்ச் பற்றறி. உங்கள் வாகனத்தின் சொக்கட்டுக்குப் பொருந்தும் இடைச் சொக்கட் கிடைத்தால் அதையும் வாங்குங்கள். டொயோட்டாவில் பெரும்பாலும் 10 பின்னும் 6 பின்னுமாக இரண்டு சொக்கட்டுகள் இருக்கும். அந்த இடைச் சொக்கட் இருந்தால் வாகனத்தின் வயரில் கத்தரி படவே தேவையில்லை. நாளைக்கு விற்கும்போது பழையபடி ஆக்கவும் முடியும்.

மல்டிமீற்றர் இல்லாமல் தொடங்காதீர்கள். அது இல்லையென்றால் இன்று வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

கழற்றுதல்

பற்றறியின் மைனஸ் முனையை முதலில் கழற்றி, தற்செயலாகத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்புறம் டேஷ்போட். முப்பது வருடப் பிளாஸ்டிக் விடியற்காலைக் குளிரில் அப்பளம்போல நொறுங்கும். வாகனத்தைக் கொஞ்சம் வெயிலில் விட்டு, பிளாஸ்டிக் இளகிய பிறகு கை வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதற்குச் சிரமமே இல்லை. சாம்பல் தட்டைக் கழற்றினால் அதன் பின்னால் ஒன்றிரண்டு ஸ்குரூ ஒளிந்திருக்கும். ஸ்குரூ எல்லாம் எடுத்த பிறகும் சட்டம் அசையவில்லை என்றால், எங்கோ இன்னொன்று மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இழுக்காதீர்கள், தேடுங்கள்.

ரேடியோவை வெளியே இழுத்ததும், சொக்கட்டைப் பிரிப்பதற்கு முன் போனால் ஒரு படம் எடுத்து வையுங்கள். ரேடியோ இருந்த குழியில் கையை விட்டுப் பாருங்கள். ஈரம், துருப்பொடி, வெள்ளை உப்புப் படிவு ஏதும் கையில் ஒட்டினால் முன்கண்ணாடி ரப்பர் ஒழுகுகிறது. மாரியில் அந்தத் தண்ணீர் நேரே புதிய செட்டின் தலையில்தான் விழும். ரப்பரைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு போங்கள்.

வயரை இனங்காணுதல்

இதுதான் வேலையின் உயிர். புதிய செட்டின் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் வரும். மஞ்சள் எந்நேரமும் 12 வோல்ட். சிவப்பு, திறப்பைத் திருப்பினால் வரும் 12 வோல்ட், அதாவது ஏசிசி. கறுப்பு ஏர்த், அதாவது வாகனத்தின் இரும்போடு சேர்வது. முன் இடது ஸ்பீக்கர் வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். நீலம் தானே மேலெழும் மோட்டர் ஏரியலுக்கு, வெள்ளைக் கோடு போட்ட நீலம் அம்ப்ளிபயருக்கு. இவை இரண்டும் தேவைப்படாவிட்டால் நுனியைத் தனித்தனியே மூடிவிடுங்கள்.

வாகனத்தின் பக்கம் நிறத்தை நம்ப முடியாது. டொயோட்டாவில் பொதுவாக நீலத்தில் மஞ்சள் கோடு எந்நேர மின், சாம்பல் ஏசிசி, பழுப்பு ஏர்த் என்று வரும். ஆனால் உங்கள் வாகனத்துக்குள் இதுவரை எத்தனை பேர் கை வைத்தார்களோ. அளந்துதான் முடிவு.

பற்றறியை மறுபடி தொடுத்துவிடுங்கள். பழைய சொக்கட்டின் வயர் நுனிகள் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீற்றரை 20 வோல்ட் டீசியில் வைத்து, கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்தி, சிவப்பு முனையால் ஒவ்வொரு பின்னாகத் தொடுங்கள். திறப்பு எடுத்திருக்கும்போதே 12க்கு மேல் காட்டுவது மஞ்சளுக்கு. திறப்பை ஏசிசிக்குத் திருப்பும்போது மட்டும் காட்டுவது சிவப்புக்கு. பார்க் லைட் போட்டால் மட்டும் காட்டுவது செட்டின் வெளிச்சத்துக்கான வயர். அதை மஞ்சள் என்று எண்ணித் தொடுத்தவர்களின் செட் இரவில் மட்டும் பாடும்.

ஒவ்வொன்றைக் கண்டதும் மாஸ்கிங் டேப் துண்டில் எழுதி ஒட்டுங்கள். பிறகு பற்றறியைக் கழற்றிவிடுங்கள்.

இனி ஸ்பீக்கர். பென்டோர்ச் பற்றறியின் இரு முனையையும் ஒரு சோடி வயரில் ஒரு கணம் தட்டுங்கள். எந்தக் கதவில் "டக்" என்று கேட்கிறதோ அது அந்தக் கதவின் ஸ்பீக்கர். வலை கழன்று கோன் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் இன்னும் நல்லது: தட்டும்போது கோன் வெளியே வந்தால் பற்றறியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ், உள்ளே போனால் எதிர். ஒரு ஸ்பீக்கர் நேராகவும் மற்றது எதிராகவும் தொடுபட்டால் ஒன்றும் கெடாது, ஆனால் பேஸ் காணாமல் போய்விடும். "ஸ்பீக்கர் சரியில்லை" என்று பலர் மாற்றுவது உண்மையில் இந்தப் பிழைக்காகத்தான்.

இன்னொரு சோதனையை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். மீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் வாகனத்தின் இரும்புக்கும் இடையே தொடர்பு உண்டா என்று பாருங்கள். இருக்கவே கூடாது. மிகப் பழைய வாகனங்களில் ஸ்பீக்கரின் மைனஸை இரும்பிலேயே ஏர்த் பண்ணியிருப்பார்கள், அல்லது இரண்டு ஸ்பீக்கருக்கு ஒரே மைனஸ் வயரை விட்டிருப்பார்கள். அந்தக் காலத்து ரேடியோவுக்கு அது சரி. இன்றைய செட்டில் பிளஸ், மைனஸ் இரண்டிலுமே சிக்னல் போகிறது. மைனஸ் இரும்பில் தொட்டால் ஐசி எரிந்துவிடும். அப்படி இருந்தால் அந்த ஸ்பீக்கருக்குச் செட்டிலிருந்து புதிதாக இரட்டை வயர் இழுங்கள். கதவுப் பலகையைக் கழற்றும் வேலை கூடும், வேறு வழி இல்லை.

தொடுத்தல்

ஏர்த்தை முதலில் முடியுங்கள். கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, ஒலுவில் என்று கடலோரத்தில் நிற்கும் வாகனங்களில் பழைய ஏர்த் ஸ்குரூவின் அடியில் உப்புக்காற்று செய்திருக்கும் வேலையைப் பார்த்தால் புரியும். டேஷ்போட்டின் பின்னால் உறுதியான இரும்புச் சட்டம் ஒன்றைத் தேடி, பெயின்ட்டை மண்தாளால் மினுங்கும்வரை தேய்த்து, வளைய முனை போட்ட வயரை ஸ்குரூவால் இறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினால் துரு எட்டிப்பார்க்காது.

மற்ற வயர்களுக்கு, ஹீட்ஸ்ரிங்க் குழாயை முதலில் கோர்த்துவிட்டு, இரு நுனியையும் முறுக்கி, ஈயம் வைத்து, குழாயை மூட்டின் மேல் நகர்த்திச் சூடாக்குங்கள். வெறும் முறுக்கும் கறுப்பு டேப்பும் நம் ஊர் வெக்கைக்குச் சரிப்படாது. டேஷ்போட் உள்ளே வெப்பம் ஏறினால் டேப்பின் பசை இளகி வழியும், டேப் கழன்று வயர்கள் முட்டும்.

மஞ்சளையும் சிவப்பையும் மாறிக் கொடுத்தால் திறப்பை எடுக்கும் ஒவ்வொரு முறையும் செட் நிலையங்களை மறந்துவிடும். இரண்டையும் சேர்த்து எந்நேர மின்னில் கொடுத்தால் செட் அணைவதே இல்லை, இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் வராது. பியூஸ் போனால் அதே அம்பியருக்குப் போடுங்கள். ஈயத்தாள் சுற்றுவது, செம்புக் கம்பி வைப்பது எல்லாம் வாகனத்துக்கே நெருப்பு வைப்பதற்குச் சமம்.

ஏரியல் பிளக் சில ஜப்பான் வாகனங்களில் மெலிதாக இருக்கும், செட்டில் நிற்காது. சிறிய இடைமுனை வாங்கினால் தீர்ந்தது. மோட்டர் ஏரியல் உள்ளவர்கள் நீல வயரை அதன் கட்டுப்பாட்டு வயருக்கு மட்டும் கொடுங்கள், மோட்டருக்கு நேரே கொடுத்தால் செட்டால் தாங்க முடியாது.

உள்ளே தள்ளுவதற்கு முன்

பற்றறியை மறுபடி தொடுத்து, செட்டை வெளியே தொங்கவிட்டபடியே எல்லாவற்றையும் சோதியுங்கள். பலன்ஸை இடதுக்கும் வலதுக்கும், பேடரை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி நாலு ஸ்பீக்கரும் தத்தம் இடத்தில் பாடுகின்றனவா என்று கேளுங்கள். ரேடியோ அமைப்பில் பிரதேசம் அமெரிக்கா என்று இருந்தால் ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றுங்கள். அமெரிக்க அமைப்பில் எண் 0.2 மெகாஹேட்ஸ் வீதம் தாவும், 103.1 பிடிக்கும், 103.2 பிடிக்காது. சில நிலையங்கள் வரவில்லை என்று ஏரியலைக் குறை சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

போனில் புளூடூத்தைத் திறந்து செட்டின் பெயரைத் தொடுங்கள். எண் கேட்டால் 0000 அல்லது 1234. பிறகு யாராவது ஒருவருக்கு அழைப்பு எடுங்கள். மைக் செட்டின் முகத்திலேயே இருந்தால் ஏசி காற்று அதில் நேராக அடிக்காதபடி திருப்பி விடுங்கள். தனி மைக் என்றால் ஸ்டியரிங்குக்கு மேல் அல்லது கண்ணாடித் தூணின் ஓரம் நல்ல இடம். போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு ஓட்டுவது குற்றம். கல்முனை வழியாகப் போகும் ஏ4 வீதியில் மாடும் சைக்கிளும் திடீரென்று குறுக்கே வருவதை நினைத்தாலே கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டியதன் அவசியம் தெரியும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடும் ஒரு சீழ்க்கைச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால் ஏர்த்தை மறுபடி தேய்த்து இறுக்குங்கள், பெரும்பாலும் அங்கேயே தீரும். சரியென்றால் வயர்களைக் கட்டி, ஸ்பொஞ்ச் துண்டு சுற்றி, ஹீட்டர் குழாயிலும் வைப்பர் கம்பிகளிலும் படாமல் ஒதுக்கி, செட்டை உள்ளே தள்ளுங்கள். பின்பக்கம் ஒரு தகடு கொடுத்துத் தாங்காவிட்டால் குழி விழுந்த பாதையில் முன்சட்டம் மட்டும் பாரத்தைச் சுமந்து உடையும்.

கடைசி வேலை அடுத்த நாள் காலையில். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பற்றறியை அளந்து பாருங்கள். நல்ல பற்றறி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 12.2க்குக் கீழே இறங்கியிருந்தால் திறப்பை எடுத்துவிட்டு, மைனஸ் முனைக்கும் அதன் வயருக்கும் நடுவே மீற்றரை 10 அம்பியர் நிலையில் வைத்துப் பாருங்கள். 0.05 அம்பியரைத் தாண்டினால் செட்டின் பியூஸைக் கழற்றுங்கள். அளவு விழுந்தால் சிவப்பு வயர் தப்பான இடத்தில் இருக்கிறது. விழாவிட்டால் செட் நிரபராதி, வேறெங்கோ மின் கசிகிறது, அல்லது பற்றறிக்கு வயது போய்விட்டது.