ரூட் கேனல்: வலி போனபோது பாதி வேலைதான் முடிந்திருக்கும்

அல்வா சாப்பிட்ட கையோடு ஒரு பிடி மிக்சரை வாயில் போட்டுக்கொள்வது எங்கள் திருநெல்வேலிப் பழக்கம். திகட்டாமல் இருக்க வேண்டுமே. அப்படிப் போட்ட மிக்சரில்தான் என் இடது கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தது. ரூட் கேனல் செய்த பல் அது, அதாவது உள்ளே கெட்டுப்போன கூழை எடுத்துவிட்டு வேர்க்குழாயை அடைத்த பல். டாக்டர் மேல் குறை சொல்ல முடியாது. "ரெண்டு வாரத்துல வந்து கேப் போட்டுக்கோங்க" என்று, பல்லின் மேல் மாட்டும் உறையைப் பற்றி அவர் சொல்லித்தான் அனுப்பினார். வலிதான் இல்லையே என்று ஐந்து மாதம் தள்ளிப்போட்டது நான். விரிசல் வேர் வரைக்கும் இறங்கிவிட்டதால் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு வருஷம் கழித்து வலது பக்கமும் அதே வலி. இந்த முறை ஒழுங்காக முடித்தேன். முதல் தடவை போகிறவர்களுக்கு உதவும் என்று வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் பல்லை நேரில் பார்த்தவர் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள்.

1. வலியைக் கவனியுங்கள்

பனங்காயை வெட்டினால் உள்ளே நுங்கு இருக்குமல்லவா? பல்லும் ஏறக்குறைய அப்படித்தான். வெளியே எனாமல், அதற்கு உள்ளே டென்டின், நடுவில் மெத்தென்ற பல்கூழ். நரம்பும் ரத்தக்குழாயும் வேர் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாக இந்தக் கூழுக்கு வருகின்றன. சொத்தை ஆழமாகி கிருமி அங்கே போய்விட்டால் கூழ் வீங்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அந்த அழுத்தம்தான் ராத்திரி இரண்டு மணிக்கு நம்மை எழுப்பி உட்கார வைக்கிறது.

சர்பத் குடித்ததும் சுரீர் என்று கூசி, சில விநாடியில் அடங்கிவிட்டால் வெறும் அடைப்போடு பல் தப்பிக்க வாய்ப்பு உண்டு. கூச்சம் நிமிஷக்கணக்கில் நின்றால், சூடாகச் சுக்குக் காப்பி குடித்தால் குத்தினால், படுத்ததும் விண்விண் என்று தெறித்தால் பெரும்பாலும் ரூட் கேனல்தான். எக்ஸ்ரே எடுத்து, தட்டிப் பார்த்து, குளிர்ச்சி வைத்துப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

இங்கே ஒரு ஏமாற்று வேலை நடக்கும். நான்கு நாள் படுத்தி எடுத்த வலி ஐந்தாம் நாள் தானாக நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று நினைப்போம். உள்ளே கூழ் செத்துப்போயிருக்கும், அவ்வளவுதான். கிருமி அங்கேயே இருந்துகொண்டு வேருக்குக் கீழே எலும்பில் சீழ் வைக்கும். ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம் வந்து வந்து போனால் அதுதான் சங்கதி.

எங்கள் ஆச்சி, "கிராம்ப வச்சுக் கடி, இல்லன்னா புடுங்கிப் போட்டுரு. ஒரு பல்லுக்குப் போயி இம்புட்டு ரூவாயா?" என்றாள். கிராம்பு கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், தப்பில்லை. ஆனால் கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினாலும், ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைத்தாலும் தசை வெந்துவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கும் இதைச் சரிசெய்யாது. செத்துப்போன கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து எதில் ஏறிப் போகும்?

2. போவதற்கு முன்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மரப்பு ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒழுங்காகச் சாப்பிட முடியாது. சர்க்கரை, பிரஷர், இதய வால்வு ஆபரேஷன், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தினமும் போடும் மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டு போவது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மொத்தம் எத்தனை தடவை வர வேண்டும், கேப்புக்கும் சேர்த்து என்ன செலவு என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். கேப்புக்குத் தனிக் காசு என்பது பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. என்னைப் போல் தள்ளிப்போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

3. நாற்காலியில் என்ன நடக்கும்

மரப்பு ஊசிதான் முதலில். கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் அந்தப் பக்க உதடும் நாக்கில் பாதியும் மரத்துவிடும். ஊசி ஏறும் நேரம் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் வலித்தால் கையை உயர்த்துங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். ரப்பர் ஷீட் ஒன்றைக் கட்டி, பல் மட்டும் வெளியே தெரியும்படி வைப்பார்கள். எச்சில் உள்ளே போகாமலும், மருந்தும் கருவிகளும் தொண்டைக்குள் விழாமலும் இருக்க அது.

பல்லின் மேலே சின்ன வாசல் திறந்து கூழை எடுப்பார்கள். அப்புறம் வருவது ஃபைல் என்கிற முறுக்குக் கம்பி. தலையில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் நிறமாகப் பிடி. வெள்ளை என்றால் 15ஆம் எண், அதன் நுனி 0.15 மில்லிமீட்டர்தான். மஞ்சள் 20, சிவப்பு 25. மெல்லியதில் தொடங்கி வேர்க்குழாயைத் தேய்த்து அகலப்படுத்திக்கொண்டே போவார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய், கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. ஒன்றை விட்டாலும் பின்னால் தொல்லை. அதனால் அவர் தேடிக்கொண்டே இருந்தால் "எவ்வளவு நேரம்?" என்று முனகாதீர்கள்.

நடுநடுவே சிரிஞ்சில் ஒரு திரவம் விட்டுக் கழுவுவார்கள். பஞ்சாயத்தில் பிளீச்சிங் பவுடர் தூவிய தெரு மாதிரி வாசனை வரும். சோடியம் ஹைபோகுளோரைட் அது. ஃபைல் எட்டாத மூலையில் இருக்கும் கிருமியைக் கரைப்பது அதுதான். தொண்டையில் காரமாக ஏதாவது இறங்கினால் உடனே கையைத் தூக்குங்கள்.

சீழ் அதிகம் இருந்தால் உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் முடிப்பவர்களும் உண்டு. கடைசியாகக் குழாயை நிரப்புவது கட்டா பெர்ச்சா. மலேயாப் பக்கத்து மரம் ஒன்றின் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே பால்தான். தண்ணீரை உள்ளே விடாத குணம் அங்கும் உதவியது, இங்கும் உதவுகிறது.

4. வீடு திரும்பும் நாள்

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சூடாக டீயும் வடையும் கூப்பிடும். வேண்டாம். மரத்துப்போன உதட்டைக் கடித்தாலும் சுட்டாலும் அப்போது தெரியாது, மரப்பு விட்ட பிறகு தெரியும். பிள்ளைகளை இதில் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், உதட்டை மென்றுவிடுவார்கள்.

இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது நோவு இருப்பது சாதாரணம். எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைச் சொன்ன அளவில் போடுங்கள். வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் "பழகிரும்" என்று விட வேண்டாம். போய்ச் சொன்னால் மேலாகத் தேய்த்துவிடுவார்கள், ஐந்து நிமிஷ வேலை.

முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் ராத்திரி என்றும் பார்க்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

5. கேப் போடும் வரை

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். ஏற்கெனவே சொத்தை தின்ற பல், அதில் வாசல் வேறு திறந்தாயிற்று. மிச்சம் இருப்பது மெல்லிய சுவர். கடைவாய்ப் பல் தாங்கும் பாரத்துக்கு அது போதாது. தற்காலிக அடைப்பும் சில வாரத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ஓரம் கசிந்தால் எச்சிலோடு கிருமி திரும்ப உள்ளே போய், செய்த வேலை அத்தனையும் வீண்.

இரண்டாம் தடவை கேப் வரும் வரைக்கும் இடது பக்கமாகவே மென்றேன். அங்கே ஏற்கெனவே ஒரு பல் இல்லை, சிரமம்தான். சொதியும் சாதமும், இட்லி, உளுந்தங்களி என்று ஓட்டினேன். அல்வாவை விடவில்லை. மிக்சர், முறுக்கு, கொட்டைப்பாக்கு மூன்றையும் விட்டேன். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு காப்பி குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தட்டிப் போட்டுக் குடியுங்கள்.

கேப் போட, பல்லைச் சுற்றிலும் தேய்த்து, அச்செடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா என்று வகைகள். உள்ளே மறைந்திருக்கும் பல்லுக்கு உலோகமே தாராளம், அழகுக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. முன்பல்லில் பெரிய சேதம் இல்லையென்றால் கேப்பே இல்லாமல் அடைப்போடு விடுவதும் உண்டு.

6. அதற்குப் பிறகு

கேப்புக்குள் இருப்பதும் நம் பல்தான், அதன் ஓரத்தில் சொத்தை வரும். நரம்பு இல்லாததால் வலித்து எச்சரிக்காது. அதனால் கேப்பும் ஈறும் சேரும் கோட்டில் மென்மையான பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, ஃபுளோரைடு பேஸ்ட்டால் காலையிலும் படுக்கும் முன்னும் துலக்குங்கள். பல் இடுக்குக்கு ஃபிளாஸ் நூல். குண்டூசி, ஈர்க்குச்சி வேண்டாம். உமிக்கரியும் செங்கல் பொடியும் பல்லைத் தேய்த்துவிடும்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொன்னால் டாக்டரிடம் சொல்லி இரவுக் காப்பு ஒன்று செய்துகொள்ளலாம். ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ ஒரு எக்ஸ்ரே எடுத்து, வேருக்குக் கீழே எலும்பு கூடி வருகிறதா என்று பார்ப்பார்கள். எனக்குப் பார்த்தபோது முன்பு கறுப்பாகத் தெரிந்த இடம் வெளுத்து வந்திருந்தது. "பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமா?" என்று கேட்டேன். "நறுக்கித் தின்னுங்க சார்" என்றார்.