வெளிநாடு போகும் பிள்ளையோடு பேச வேண்டியது

யாழ்ப்பாணத்திலிருந்து டொரொன்டோவுக்கோ லண்டனுக்கோ பிள்ளையை அனுப்பும்போது மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் மறக்காமல் கட்டிக் கொடுக்கிறோம். சரி, அங்கே ஆட்களோடு எப்படிப் பழகுவது என்றும் கொஞ்சம் பேசி அனுப்புங்கள்.

குடியேறியவர்கள் பழகும் விதத்தைக் கனடிய உளவியலாளர் ஜோன் பெரி நான்காகப் பிரித்தார்: தன் பண்பாட்டை விட்டுக் கரைந்துபோவது, தன் ஆட்களோடு மட்டும் ஒதுங்குவது, தன் பண்பாடு, போன நாட்டின் பண்பாடு இரண்டிலும் ஒட்டாமல் நிற்பது, இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது. கடைசி வகையினரே பொதுவாக மன அழுத்தம் குறைந்து இருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டவரும் இடம் கொடுத்தால்தான் அது நடக்கும். ஆகவே பிள்ளை சிரமப்பட்டால் அவனையோ அவளையோ மட்டும் குறை சொல்லாதீர்கள்.

தொலைபேசியில் “சாப்பிட்டியோ, கோயிலுக்குப் போனியோ” என்பதோடு நிறுத்தாமல், “வேலையிடத்தில ஆரோட கதைக்கிறனி?” என்றும் கேளுங்கள். அங்குள்ள பழைய மாணவர் சங்கம் ஆரம்பத்தில் பெரிய துணை. அதோடு ஒரு மொழி வகுப்பிலோ விளையாட்டுக் கழகத்திலோ சேரச் சொல்லுங்கள். அப்புறம், நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பேச்சும் உடுப்பும் மாறியிருந்தால், “நீ மாறிப்போனாய்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.